மூன்று கணினியிலும் ஒரே சரளி வரிசை: மிடி ஸ்வரங்களை ஒலிக்கச் செய்யும் முறை

ஒரு மிடி கோப்பை விண்டோஸின் பழைய மீடியா பிளேயரில் திறந்தால் உடனே இசை வரும். அதே கோப்பை மேக்கில் இருக்கும் குயிக்டைம் பிளேயர் திறக்க மறுக்கும். பல லினக்ஸ் கணினிகளில் பிளேயரின் முள் நகரும், விநாடிகள் ஓடும், சத்தம் மட்டும் வராது. கோப்பில் எந்தக் கோளாறும் இல்லை. மிடி கோப்புக்குள் ஒலி என்று எதுவும் கிடையாது. "இந்தச் சானலில் 60ஆம் விசையை 100 என்ற அழுத்த அளவோடு அழுத்து, இப்போது விடு" என்பது போன்ற உத்தரவுகள்தான் உள்ளே இருக்கின்றன. அவற்றைப் படித்து ஒலியாக்க வேறொரு ஆள் வேண்டும்.

ஆகவே கணினியில் ஒரு ஸ்வரம் கேட்க நான்கு பேர் வரிசையாக நிற்க வேண்டும். உத்தரவு தரும் மென்பொருள் அல்லது கீபோர்டு. அந்த உத்தரவு போய்ச் சேரும் போர்ட். உத்தரவை ஒலியாக்கும் சிந்தசைசரும் அதன் ஒலி வங்கியும். கடைசியாக, ஸ்பீக்கருக்குக் கொண்டுபோகும் ஆடியோ டிரைவர். சத்தம் வரவில்லை என்றால் இந்த நான்கில் ஒருவர் இல்லை, அல்லது பக்கத்தில் இருப்பவரோடு கை கோக்கவில்லை. விண்டோஸில் நான்கு பேரும் இருக்கிறார்கள், ஆனால் மூன்றாமவர் சோம்பேறி. மேக்கில் நல்ல சிந்தசைசர் உண்டு, அதற்கு வெளியிலிருந்து நுழைய வாசல் இல்லை. லினக்ஸில் வாசல் உண்டு, உள்ளே சிந்தசைசர் இல்லை. இது நினைவில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

மூன்று கணினிகளிலும் ஒரே மாதிரி ஓடும் இலவச சிந்தசைசர் ஃப்ளூயிட்சிந்த். இங்கே அதையே மையமாக வைத்துக்கொள்வோம். கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். எழுத்துக்கூட்டலில் சந்தேகம் வந்தால் ஃப்ளூயிட்சிந்துக்குள் "ஹெல்ப் ஆல்" என்று கொடுத்தால் முழுப் பட்டியலும் திரையில் வரும்.

ஸ்வரத்துக்கு எண்

மிடியில் ஸ்வரங்கள் 0 முதல் 127 வரை எண்களாக இருக்கின்றன. 60 என்பது பியானோவின் நடு சி, 261.63 ஹெர்ட்ஸ். 69 என்பது 440 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு எண்ணும் அரை ஸ்வரம். 12 கூட்டினால் மேல் ஸ்தாயி. சில நிறுவனங்கள் 60ஐ சி4 என்கின்றன, யமஹா முதலிய சில அதையே சி3 என்கின்றன. அதனால் பெயரை நம்பாமல் எண்ணை நம்புங்கள். ஒரு ஸ்தாயி தவறிப்போகும் குழப்பத்தில் பெரும்பகுதி இங்கிருந்துதான் வருகிறது.

ஆதார ஸட்ஜம் எந்த உயரத்தில் என்று சொல்லும் கட்டைக் கணக்கு கர்நாடக இசைக்காரர்களுக்குக் கைவந்தது. அதை அப்படியே எண்ணாக்கலாம். 1 கட்டை 60, ஒன்றரை 61, 2 கட்டை 62, இரண்டரை 63, 3 கட்டை 64, 4 கட்டை 65, நாலரை 66, 5 கட்டை 67, ஐந்தரை 68, 6 கட்டை 69, ஆறரை 70, 7 கட்டை 71. மூன்றரை இல்லை, ஏனென்றால் ஹார்மோனியத்தில் அந்த இரண்டு வெள்ளைக்கும் நடுவே கறுப்பு இல்லை.

சோதனைக்கு, கர்நாடக இசையின் தொடக்கப் பாடமான சரளி வரிசையில் முதலாவதை எடுத்துக்கொள்வோம். மாயாமாளவகௌளையில் ஸ ரி க ம ப த நி ஸ என்பது ஆதார ஸட்ஜத்திலிருந்து 0, 1, 4, 5, 7, 8, 11, 12 அரை ஸ்வரத் தொலைவு. 1 கட்டையில் 60, 61, 64, 65, 67, 68, 71, 72. 5 கட்டைக்கு எல்லாவற்றோடும் 7 கூட்டுங்கள். கீழ் ஸ்தாயியில் வேண்டுமென்றால் அதிலிருந்து 12 கழியுங்கள், அதாவது 55, 56, 59, 60, 62, 63, 66, 67. ஸ்தாயி மாறியதும் ஒலி மங்கிக் கேட்டால் அது பிழையல்ல. சிறு லேப்டாப் ஸ்பீக்கர்களால் தாழ்ந்த ஒலிகளை முழுதாகத் தர முடியாது.

ஒலி வங்கி

ஃப்ளூயிட்சிந்த் தானாக எந்த வாத்தியத்தையும் வாசிக்காது. அதற்கு சவுண்ட்ஃபான்ட் எனப்படும் ஒலி வங்கிக் கோப்பு வேண்டும். எஸ்எஃப்2 என்ற பின்னொட்டோடு வரும். மூன்று பெயர்கள் போதும். டிம்ஜிஎம்6எம்பி, பெயரிலேயே இருப்பது போல 6 எம்பி. பழைய கணினிக்கும் சோதனைக்கும். ஜெனரல்யூசர் ஜிஎஸ், சுமார் 30 எம்பி. அளவுக்கு மீறிய தரம், பெரும்பாலோருக்கு இதுவே போதும். ஃப்ளூயிட்ஆர்3 ஜிஎம், 140 எம்பிக்கு மேல். பியானோவும் தந்தி வாத்தியங்களும் செழுமையாக இருக்கும், நினைவகத்தையும் அதற்கேற்ப எடுத்துக்கொள்ளும். எஸ்எஃப்3 என்று முடியும் கோப்புகள் இதே வகையின் சுருக்கிய வடிவம். பழைய மென்பொருள்கள் இவற்றைத் திறக்காது.

1991இல் வந்த ஜெனரல் மிடி விதிப்படி 128 வாத்தியங்களுக்கும் வரிசை எண் நிலையானது. இங்கே ஒரு பொறி உண்டு. புத்தகப் பட்டியல்கள் 1இலிருந்து எண்ணும், ஃப்ளூயிட்சிந்தின் கட்டளைகள் 0இலிருந்து எண்ணும். பட்டியலில் வயலின் 41, கட்டளையில் 40. புல்லாங்குழல் 74; கட்டளையில் 73. சித்தார் 105, கட்டளையில் 104. சித்தாருக்குப் பதில் பாஞ்சோ கேட்டால் ஒன்று கூடிவிட்டது என்று பொருள். சானலுக்கும் இதே கதை. தாளவாத்தியத்துக்கு ஒதுக்கிய 10ஆம் சானல் ஃப்ளூயிட்சிந்துக்கு 9. அந்தச் சானலில் ஸ்வரம் அனுப்பினால் டிரம்மும் ஜாலராவும்தான் வரும். வீணை, தம்பூரா, மிருதங்கம் மூன்றும் இந்த 128இல் இல்லை. அவை வேண்டுமென்றால் தனி ஒலி வங்கி தேட வேண்டும்.

ஒலி வங்கியை எங்கே வைப்பது என்பதிலும் கவனம் வேண்டும். கோப்புறைப் பெயரில் இடைவெளியோ தமிழ் எழுத்தோ இருந்தால் விண்டோஸில் ஃப்ளூயிட்சிந்தின் பழைய பதிப்புகள் கோப்பைக் காணவில்லை என்று சொல்லும். சி டிரைவில் நேரடியாக ஆங்கில எழுத்தில் ஒரு சிறு கோப்புறை திறந்து அதில் போடுங்கள்.

விண்டோஸ்

விண்டோஸோடு வருவது மைக்ரோசாஃப்ட் ஜிஎஸ் வேவ்டேபிள் சிந்த். ரோலண்ட் நிறுவனத்திடமிருந்து உரிமம் பெற்ற ஒலிகள், 1990களின் அளவு, கோப்பு 4 எம்பிகூட இல்லை. மிடி கோப்பைப் போட்டுக் கேட்க இது போதும். கீபோர்டில் நேரடியாக வாசிக்க உதவாது. விரல் விழுந்து ஒலி வருவதற்குள் தாளம் தவறிவிடும். இதன் தாமதத்தைக் குறைக்க எந்த அமைப்பும் தரப்படவில்லை, ஆகவே அதோடு மல்லுக்கட்டாமல் மாற்றிவிடுவதே வழி.

கோப்பு கேட்பது மட்டும்தான் தேவை, ஒலி நன்றாக இருக்க வேண்டும் என்பவர்கள் கூல்சாஃப்ட் வெளியிட்ட விர்ச்சுவல்மிடிசிந்தை நிறுவலாம். அதன் அமைப்புச் சாளரத்தில் கூட்டல் குறியை அழுத்தி எஸ்எஃப்2 கோப்பைச் சேருங்கள். பிறகு அதை இயல்பு மிடி கருவியாக்க வேண்டும். விண்டோஸ் எக்ஸ்பியில் இதைக் கண்ட்ரோல் பேனலிலேயே தேர்ந்தெடுக்கலாம்; விஸ்டாவிலிருந்து அந்தத் தேர்வை எடுத்துவிட்டார்கள். அதனால் கூல்சாஃப்டே வெளியிட்ட மிடிமேப்பர் என்ற சிறு கருவியும் தேவைப்படும். நிறுவியும் பழைய ஒலியே கேட்கிறது என்பவர்கள் பெரும்பாலும் இந்தப் படியை விட்டவர்கள்.

நேரடி வாசிப்புக்கு ஃப்ளூயிட்சிந்தின் விண்டோஸ் ஜிப் கோப்பை இறக்கி விரியுங்கள். உள்ளே பின் என்ற கோப்புறையில் நிரல் இருக்கும். பவர்ஷெல்லில் அந்தக் கோப்புறைக்குப் போய் இயக்கும்போது நிரல் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியும் பின்சாய்வுக்கோடும் போட வேண்டும். வெறும் பெயரை மட்டும் தட்டினால் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று பவர்ஷெல் சாதிக்கும். நிரல் பெயருக்குப் பின் தெரிவுகள், கடைசியில் ஒலி வங்கியின் முழு முகவரி. ஆடியோ டிரைவரைக் குறிக்கும் ஹைஃபன் ஏ என்ற தெரிவுக்கு வாசாபி என்று கொடுங்கள்.

யுஎஸ்பி கீபோர்டு இருந்தால் ஃப்ளூயிட்சிந்த் அதை நேராகப் பிடித்துக்கொள்ளும். உத்தரவு வேறொரு மென்பொருளிலிருந்து வர வேண்டும் என்றால்தான் சிக்கல். விண்டோஸில் ஃப்ளூயிட்சிந்த் தனக்கென்று ஒரு போர்ட்டைத் திறக்காது. லூப்மிடி என்ற இலவசக் கருவியை நிறுவி, கூட்டல் குறியை அழுத்தி ஒரு போலிப் போர்ட் உண்டாக்குங்கள். ஒரு மென்பொருள் அதில் எழுதும், ஃப்ளூயிட்சிந்த் அதிலிருந்து படிக்கும். லூப்மிடியை முதலில் திறந்து, அப்புறம் மற்ற இரண்டையும் திறக்க வேண்டும். வரிசை மாறினால் போர்ட் பட்டியலில் பெயரே இருக்காது. இன்னொன்று: பல பழைய மிடி டிரைவர்கள் ஒரு நேரத்தில் ஒரே மென்பொருளுக்குத்தான் கீபோர்டைக் கொடுக்கும். பின்னணியில் வேறேதாவது திறந்திருந்தால் இங்கே பிழைச் செய்தி வரும். மூடிவிட்டு மறுபடி முயலுங்கள்.

மேக்

மேக்கில் கோப்பு கேட்கச் சுலபமான வழி கராஜ்பேண்ட். வெற்றுப் புராஜெக்ட் திறந்து, மிடி கோப்பை இழுத்து டிராக் பகுதியில் விடுங்கள். காலப்பிரமாணத்தையும் கோப்பிலிருந்து எடுக்கவா என்று கேட்டால் ஆம் என்று சொல்லுங்கள். கமாண்ட் விசையோடு கே அழுத்தினால் கணினி விசைப்பலகையே பியானோ ஆகும். ஆனால் கராஜ்பேண்டில் எழுதியதை மிடி கோப்பாகத் திரும்ப வெளியே எடுக்க நேரடி வழி இல்லை. எழுதும் வேலைக்கு மியூஸ்ஸ்கோர் என்ற இசைக்குறிப்பு மென்பொருளை வைத்துக்கொள்வது நல்லது.

மற்ற மென்பொருள்களிலிருந்து வரும் உத்தரவுகளை ஒலியாக்க, டெர்மினலிலிருந்து மென்பொருள் நிறுவும் ஹோம்ப்ரூ இருந்தால் அதன் வழியாக ஃப்ளூயிட்சிந்தை நிறுவுங்கள். அதோடு முழுமையான ஒலி வங்கி வராது. தனியாக இறக்க வேண்டும். ஆடியோவுக்கு கோர்ஆடியோ, மிடிக்கு கோர்மிடி என்பவை இயல்பாகவே தேர்வாகியிருக்கும். ஃப்ளூயிட்சிந்த் இங்கே தானே ஒரு போர்ட்டைத் திறந்துவைக்கும். உத்தரவு தரும் மென்பொருளின் வெளியீட்டுப் பட்டியலில் அதன் பெயர் தெரியும். மேக்கில் இல்லாத வாசல் என்று தொடக்கத்தில் சொன்னது இதுதான்.

இரண்டு மென்பொருள்களை ஃப்ளூயிட்சிந்த் இல்லாமல் இணைக்க வேண்டுமானால் ஆடியோ மிடி செட்டப்பில் மிடி ஸ்டுடியோ சாளரத்தைத் திறந்து, ஐஏசி டிரைவரை இருமுறை சொடுக்கி, கருவி ஆன்லைனில் இருக்கிறது என்ற கட்டத்தில் டிக் போடுங்கள். விண்டோஸில் லூப்மிடி செய்யும் வேலையை இது செய்கிறது. இயல்பில் அந்தக் கட்டம் காலியாக இருக்கும், ஆகையால் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

லினக்ஸ்

டெபியன், உபுண்டு வகைகளில் ஃப்ளூயிட்சிந்த், க்யூசிந்த், ஃப்ளூயிட்ஆர்3 ஒலி வங்கிப் பொதி ஆகிய மூன்றையும் ஆப்ட் மூலம் நிறுவுங்கள். கட்டளை வரி வேண்டாம் என்பவர்களுக்கு க்யூசிந்த், ஃப்ளூயிட்சிந்தின் ஜன்னல் வடிவம். செட்டப்பில் மிடி டிரைவராக அல்சா_செக், ஆடியோ டிரைவராக பல்ஸ்ஆடியோ அல்லது பைப்வயர், சவுண்ட்ஃபான்ட்ஸ் தாவலில் எஸ்எஃப்2 கோப்பு. ஆடியோவுக்கு நேரடியாக அல்சாவைத் தேர்ந்தால் சவுண்ட் கார்டு வேறொருவர் கையில் இருப்பதாகப் பிழை வரக்கூடும். டெஸ்க்டாப்பின் ஒலிச் சேவை அதை ஏற்கெனவே பிடித்திருக்கும்.

இப்போது டெர்மினலில் ஏகனெக்ட் கட்டளையை ஹைஃபன் எல் தெரிவோடு கொடுத்தால் எல்லாப் போர்ட்களும் வரும். ஃப்ளூயிட்சிந்த் வழக்கமாக 128:0 என்று தெரியும். மிடி கோப்பை அங்கே அனுப்ப ஏபிளேமிடி, ஹைஃபன் பி, 128:0, பிறகு கோப்பின் பெயர். பட்டியலில் 14:0 என்று மிடி த்ரூ என்ற ஒன்றும் இருக்கும். அது கேட்டதைத் திருப்பி அனுப்பும் வெறும் குழாய். அதற்கு அனுப்பினால் பிழையும் வராது, ஒலியும் வராது. புதிதாக வருபவர்களின் நேரத்தை அதிகம் தின்பது இந்த 14:0தான்.

சில விநியோகங்களில் ஃப்ளூயிட்சிந்த் பொதியை நிறுவியதுமே அது பின்னணிச் சேவையாகவும் ஓடத் தொடங்கிவிடும். அப்புறம் நீங்கள் கையால் இன்னொன்றைத் திறந்தால் அது 129:0க்குப் போகும், உத்தரவுகள் 128:0க்கே போய்க்கொண்டிருக்கும். இரண்டு பெயர் தெரிந்தால் ஒன்றை நிறுத்துங்கள். விஎல்சியில் மிடி ஒலிக்க அதன் ஃப்ளூயிட்சிந்த் பிளகின் தனியாக நிறுவப்பட்டிருக்க வேண்டும். டிமிடிட்டி என்ற பழைய நிரலும் உண்டு. ஃப்ரீபேட்ஸ் ஒலித் தொகுப்போடு அதை ஓட்டினால் சில வாத்தியங்கள் மௌனமாக இருக்கும், காரணம் அந்தத் தொகுப்பு முழுமையானதல்ல.

கையால் ஸ்வரம் தட்டுதல்

மூன்று கணினிகளிலும் இதற்கு மேல் எல்லாம் ஒன்றுதான். ஃப்ளூயிட்சிந்த் திறந்ததும் > என்ற குறியைக் காட்டித் தட்டச்சுக்குக் காத்திருக்கும். இப்படித் தொடங்குங்கள்:

கெயின் 0.8
புரோக் 0 40
நோட்ஆன் 0 60 100
நோட்ஆஃப் 0 60

முதல் வரி ஒலியளவு. இயல்பாக 0.2இல் இருப்பதால் பலர் சத்தம் வரவில்லை என்றே முடிவுகட்டிவிடுகிறார்கள். 1ஐத் தாண்டினால் பல ஸ்வரங்கள் சேரும்போது ஒலி உடைந்து கரகரக்கும். இரண்டாம் வரி புரோகிராம் என்ற சொல்லின் முதல் நான்கு எழுத்து. 0ஆம் சானலில் வயலின். மூன்றாவதில் சானல், ஸ்வரம், அழுத்த அளவு என்ற வரிசை. அழுத்தத்துக்கு 0 கொடுத்தால் அது நோட்ஆஃப் என்றே எடுத்துக்கொள்ளப்படும்.

சரளி வரிசையை ஒரு உரைக்கோப்பில் எழுதி மொத்தமாக ஓட்டலாம். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் நோட்ஆன், சிலீப் 950, நோட்ஆஃப், சிலீப் 50 என்று நான்கு வரி. சிலீப் மில்லிசெகண்டில், இரண்டும் சேர்ந்து 1000 என்பதால் ஆதி தாளத்தின் ஓர் அட்சரம் ஒரு விநாடி. ஸ ரி க ம ப த நி ஸ ஏறி, ஸ நி த ப ம க ரி ஸ இறங்க 16 ஸ்வரம், இரண்டு ஆவர்த்தம், 16 விநாடி. இரண்டாம் காலத்துக்கு எண்களைப் பாதியாக்குங்கள்: 475, 25. அந்தச் சிறு இடைவெளியை விட்டுவிட்டால் ஜண்டை வரிசையில் ஸஸ ரிரி பிரியாமல் ஒட்டிக் கேட்கும்.

கோப்பை ஓட்ட சோர்ஸ் என்ற கட்டளையோடு கோப்பின் முகவரி. விண்டோஸ் ஆனாலும் முகவரியில் முன்சாய்வுக்கோடே போடுங்கள். பின்சாய்வுக்கோட்டுக்கு ஃப்ளூயிட்சிந்துக்குள் வேறு பொருள். நோட்பேடில் சேமித்தால் பெயருக்குப் பின் டிஎக்ஸ்டி ஒட்டிக்கொள்ளும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பக்கத்தில் ஒரு சுருதிப்பெட்டி வேண்டுமா? புரோக் 1 20 என்று ரீட் ஆர்கன் ஒலியை 1ஆம் சானலில் வைத்து, நோட்ஆன் 1 48 60, நோட்ஆன் 1 55 50 கொடுங்கள். நோட்ஆஃப் தரும்வரை ஸ ப நின்று ஒலிக்கும்.

கோபுரம் போல எண்களை எழுதப் பொறுமை இல்லாதவர்கள் மியூஸ்ஸ்கோரில் எழுதலாம். ஆங்கில 'என்' எழுத்து விசை எழுதும் முறையைத் தொடங்கும், 5 அழுத்தினால் கால் நோட்டு, பிறகு ஏ முதல் ஜி வரை எழுத்துகள். 1 கட்டை சரளிக்கு சி, டி ஃபிளாட், இ, எஃப், ஜி, ஏ ஃபிளாட், பி, சி. எக்ஸ்போர்ட்டில் மிடியைத் தேர்ந்தால் கோப்பு தயார். நேரடியாக விசைப்பலகையில் வாசிக்க விஎம்பிகே என்ற திரைப் பியானோ மூன்று கணினிகளுக்கும் கிடைக்கிறது. மிடி கனெக்ஷன்ஸில் வெளியீடாக ஃப்ளூயிட்சிந்தின் போர்ட்டை அல்லது லூப்மிடியைத் தேர்ந்தெடுங்கள். தமிழ் 99 போன்ற உள்ளீடு இயங்கிக்கொண்டிருந்தால் விசைகள் ஸ்வரமாகாமல் போகலாம், ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மலிவான விசைப்பலகைகள் சில மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் ஒன்றை விழுங்கிவிடும். அதற்கு மென்பொருளில் மருந்து இல்லை.

சுருதி சேரவில்லை என்றால்

மேலே சொன்ன சுருதியோடு 64, அதாவது அந்தர காந்தாரத்தை நீட்டி ஒலிக்கவிட்டுப் பாருங்கள். வயலினைவிட ஆர்கனில் இது தெளிவாகக் கேட்கும்: காந்தாரம் சுருதியோடு ஒட்டாமல் விம்மும். மிடியின் 64 என்பது 329.63 ஹெர்ட்ஸ், ஸட்ஜத்துக்கு 5/4 என்ற இயல்பான காந்தாரம் 327.03. வித்தியாசம் அற்பம் போலத் தெரியும். ஆனால் நடு ஸட்ஜத்தின் ஐந்தாம் மேலொலி, அதாவது அதன் ஐந்து மடங்கு அதிர்வெண், 1308, இந்தக் காந்தாரத்தின் நான்காம் மேலொலி 1318. இரண்டும் மோதி விநாடிக்குப் பத்து விம்மல் எழுகிறது. தம்பூராவோடு பழகிய காதுக்கு இது உறுத்தாமல் இருக்காது.

திருத்துவதற்கு, ஒலியை ஏற்றி இறக்கும் பிட்ச் பெண்ட். அதன் மதிப்பு 0 முதல் 16383, நடு 8192. இயல்பான வீச்சு மேலும் கீழும் 2 அரை ஸ்வரம், அதாவது ஒரு சென்ட்டுக்கு (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு) ஏறக்குறைய 41. அந்தர காந்தாரம் 13.7 சென்ட் இறங்க வேண்டும்: 7631. சுத்த ரிஷபத்தை 16/15இல் வைக்க 8672, சுத்த மத்யமம் 8112, பஞ்சமம் 8272, சுத்த தைவதம் 8/5இல் 8753, காகலி நிஷாதம் 15/8இல் 7712. உரைக்கோப்பில் ஒவ்வொரு நோட்ஆனுக்கும் முன்னால் பிட்ச்_பெண்ட் 0 என்று எழுதி இந்த எண்ணைச் சேருங்கள். இரு சொல்லுக்கும் நடுவே அடிக்கோடு உண்டு. நோட்ஆனுக்குப் பின்னால் எழுதினால் ஸ்வரம் தொடங்கிய பிறகு வழுக்குவது கேட்கும். இந்த விகிதங்கள் ஸ்வரம் அசையாமல் நிற்கும்போதுதான் பொருந்தும். ராகத்துக்குள் கமகத்தோடு வரும் ரிஷபத்துக்கு எந்த ஒற்றை எண்ணும் சரியாக இருக்காது. சரளி வரிசைப் பயிற்சிக்கு இவை போதும்.

பிட்ச் பெண்ட் ஒரு சானல் முழுவதையும் அசைக்கும். சுருதியும் பாட்டும் ஒரே சானலில் இருந்தால் காந்தாரத்தோடு சுருதியும் இறங்கும். அதனால்தான் சுருதியை 1ஆம் சானலில் வைத்தோம். சுருதியின் பஞ்சமத்தையும் நேராக்க விரும்பினால் அதை மட்டும் 2ஆம் சானலுக்கு மாற்றி 8272 கொடுங்கள்.

ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கும் ஜாரு வேண்டுமானால் வீச்சை முதலில் அகலமாக்குங்கள்: பிட்ச்_பெண்ட்_ரேஞ்ச் 0 12. இனி ஓர் அரை ஸ்வரம் சுமார் 683. ஸட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கு 8192 முதல் 12971 வரை ஏற வேண்டும். 20 படிகளில் ஏறினால் படிக்கட்டு காதில் விழும்; 40 படிகளாக, ஒவ்வொன்றுக்கும் 8 மில்லிசெகண்ட் என்றால் வழுக்கலாகக் கேட்கும். நாற்பது வரிகளைக் கையால் எழுதாமல் லிப்ரெஆபிஸ் கால்க்கில் நிரப்பி ஒட்டுங்கள். சிலீப் இவ்வளவு சிறு இடைவெளிகளை எல்லாக் கணினியிலும் ஒழுங்காகக் காப்பதில்லை என்பதால், நுட்பமான கமகங்களை மிடி கோப்பாகவே எழுதி ஓட்டுவது மேல். முடிந்ததும் 8192க்குத் திருப்புங்கள். மறந்தால் அடுத்த ஸ்வரம் எல்லாம் ஏழு அரை ஸ்வரம் மேலே தள்ளி ஒலிக்கும். வீச்சை மாற்றிய பிறகு மேலே கொடுத்த சென்ட் எண்களும் செல்லாது. ஜாருவுக்கு வயலினும் குழலும் ஏற்றவை. பியானோ ஒலியில் செய்தால் கேலியாக இருக்கும்.

தாமதம்

விசை அழுத்தி ஒலி வரும் நேரம் பெரும்பாலும், ஒலியை அனுப்புமுன் சேர்த்துவைக்கும் பஃபரைப் பொறுத்தது. விண்டோஸில் ஃப்ளூயிட்சிந்த் இயல்பாக 512 மாதிரிகள் கொண்ட 8 பஃபர் வைத்துக்கொள்கிறது: 4096ஐ 44,100ஆல் வகுத்தால் 93 மில்லிசெகண்ட். லினக்ஸிலும் மேக்கிலும் 64 மாதிரி, 16 பஃபர், 23 மில்லிசெகண்ட். விண்டோஸில் தொடங்கும்போது ஹைஃபன் இசட் 256, ஹைஃபன் சி 4 என்று கொடுத்தால் அங்கும் 23க்கு வரும். துரிதமாக வாசிப்பவர்கள் இன்னும் குறைக்கலாம்: 48,000 வீதத்தில் 256 மாதிரி, 2 பஃபர் என்றால் 10.7. கிறீச், படபட என்ற வெடிப்புச் சத்தம் வந்தால் கணினியால் ஈடுகொடுக்க முடியவில்லை. ஒரு படி ஏற்றுங்கள்.

தெரிவு எழுத்துகளில் பெரிது சிறிது வேறு வேறு. சிறிய சி பஃபர் எண்ணிக்கை, பெரிய சி கோரஸ். சிறிய ஆர் மாதிரி வீதம், பெரிய ஆர் எதிரொலி. ராஸ்பெரி பை போன்ற சிறு பலகையில் பெரிய ஆருக்கும் பெரிய சிக்கும் 0 கொடுத்து இரண்டையும் அணைத்தால் கணிசமான சுமை குறையும். பாலிஃபனியை, அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய ஒலிகளின் எண்ணிக்கையை, 256இலிருந்து 64ஆக இறக்கினாலும் தனி வாசிப்பில் வித்தியாசம் தெரியாது. வாசாபியில் கருவி திறக்க மறுத்தால், விண்டோஸ் ஒலி அமைப்பில் இருக்கும் வீதத்தையே, பெரும்பாலும் 48,000, சிறிய ஆருக்குக் கொடுத்துப் பாருங்கள். புளூடூத் ஹெட்போனில் 100 மில்லிசெகண்டுக்கு மேல் தாமதம் சேர்வது சாதாரணம். பஃபரைக் குடைவதற்கு முன் கம்பி ஹெட்போனைச் செருகிப் பார்த்துவிடுங்கள்.

வேவ் கோப்பாக்குதல், பிரவுசர்

மிடி கோப்பை மாணவருக்கு அனுப்பினால் அவர் கைபேசியில் எந்த ஒலி வருமோ தெரியாது, வராமலும் போகும். வேவ் கோப்பாக்கி அனுப்புங்கள். தெரிவுகள்: ஹைஃபன் என்ஐ, ஹைஃபன் பெரிய எஃப், வெளியீட்டுக் கோப்பின் பெயர், சிறிய ஜிக்கு 0.8, பிறகு ஒலி வங்கி, கடைசியில் மிடி கோப்பு. தெரிவுகள் எல்லாம் கோப்புப் பெயர்களுக்கு முன்னால் வர வேண்டும். சிறிய எஃப் போட்டுவிட்டால் அது கட்டளைக் கோப்பைத் திறக்கப் பார்க்கும். ஐந்து நிமிடப் பாட்டு சில விநாடிகளில் முடிந்துவிடும்.

பிரவுசரிலும் வெப் ஆடியோ வழியாக ஸ்வரம் ஒலிக்கலாம், எதையும் நிறுவ வேண்டாம். பக்கம் திறந்தவுடன் ஒலிக்காது. ஒரு முறையாவது சொடுக்க வேண்டும், இது தானாக விளம்பரம் அலறாமல் இருக்கப் பிரவுசர்கள் வைத்த விதி. மிடி கீபோர்டைப் பிரவுசரோடு இணைக்க குரோம் போதும், ஃபயர்ஃபாக்ஸ் 108ஆம் பதிப்பிலிருந்து உண்டு. சஃபாரியில் அந்த வசதி இல்லை, ஐபோனிலும் எதிர்பார்க்க வேண்டாம். ஆண்ட்ராய்டில் ஓடிஜி கம்பி வழியாக யுஎஸ்பி கீபோர்டு பெரும்பாலும் வேலை செய்யும்; மின்சாரம் போதவில்லை என்றால் கீபோர்டின் விளக்கு எரிந்து அணையும், அப்போது தனி மின்சாரம் உள்ள யுஎஸ்பி ஹப் வாங்க வேண்டியிருக்கும்.

ஒரு ஸ்வரம் நிற்காமல் ஒலித்துக்கொண்டே இருந்தால் அதன் நோட்ஆஃப் வழியில் தொலைந்திருக்கிறது. பெரும்பாலும் வாசிக்கும்போதே சானலையோ ஸ்தாயியையோ மாற்றியதால். பல மென்பொருள்களில் இருக்கும் பேனிக் பொத்தான் 123ஆம் கண்ட்ரோலரை அனுப்பும். ஆனால் சஸ்டெயின் பெடல் அழுந்திய நிலையில் இருப்பதாக சிந்தசைசர் நினைத்துக்கொண்டிருந்தால் அது பலிக்காது. சிசி 0 64 0 கொடுத்துப் பெடலை விடுவியுங்கள், அல்லது சிசி 0 120 0 என்று ஒலியையே வெட்டுங்கள். ஃப்ளூயிட்சிந்தில் ரீசெட் என்ற ஒரு சொல்லே எல்லாச் சானலையும் அமைதியாக்கிவிடும். அதற்குப் பின் புரோக் வரிகளை மறுபடி கொடுக்க வேண்டும், இல்லையென்றால் வயலின் போய் பியானோ வந்து நிற்கும்.